மூணு கீபோர்டு, ஒரு பறை, பேஸுக்கு ஆள் இல்லை!

செருப்பை வாசலிலேயே விடுங்கள். ஒயரை மிதித்துவிடாதீர்கள். சத்தம் காட்டாமல் மாடிக்கு வாருங்கள், உள்ளே ரிகர்சல் நடக்கிறது!

கோடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு வீட்டு மாடியறை. சன்னலை அடைத்துக்கொண்டு பனிமூட்டம். உள்ளே ஒரு கிடார், ஒரு புல்லாங்குழல், ஒரு பறை, மூன்று கீபோர்டு. ஆமாம், மூன்று! நம் ஊரில் மியூசிக் கிளாஸ் பிள்ளைகள் நடுவே தடுக்கி விழுந்தால் கீபோர்டு மேல்தான் விழ வேண்டும். கிரேடு பரீட்சை சர்டிபிகேட் பலர் வீட்டுச் சுவரில் பிரேமுக்குள் தொங்குகிறது. ஆனால் இன்னொருவரோடு சேர்ந்து வாசித்துப் பழக்கமில்லை. பேக்கிங் டிராக்கோடு வாசித்திருக்கிறார்கள். அது யாருக்காகவும் நிற்காது, துரத்திப் பிடிக்க வேண்டியதுதான்.

ஏழாயிரம் அடி உயரத்துக் குளிர் வாத்தியங்களைப் படுத்தும் பாடு இருக்கிறதே! கிடார் கம்பி சுருங்கிச் சுருதி ஏறிவிடுகிறது. புல்லாங்குழலுக்கு நேர்மாறு, உள்ளே காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். பறைத் தோலோ ஈரத்தில் தொய்ந்து 'தொப்' என்கிறது. கீபோர்டு மட்டும் கல்லுளிமங்கன்.

"நீதான் இறங்கி வாசிக்கிற!"

"போடா, நீ ஏறிட்ட!"

இரண்டு பேர் சொல்வதும் சரி! கடைசியில் கீபோர்டு வைத்ததே தீர்ப்பு. கிடார்க்காரன் கம்பியைத் தளர்த்துகிறான். புல்லாங்குழல்காரி குழலுக்குள் மூச்சு விட்டுச் சூடேற்றுகிறாள். பறைக்காரப் பையனைக் காணோம். எட்டிப் பார்த்தால் கீழே அடுப்படியில் நிற்கிறான். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்ச வேண்டிய பறையை கேஸ் அடுப்புக்கு மேல் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறான். "தோலு கருகுச்சுன்னா உங்க மாமா உன் தோல உரிப்பாரு" என்கிறார் வீட்டுக்கார அம்மா, பால் பாத்திரத்தை நகர்த்தி இடம் விட்டுக்கொண்டே.

மாஸ்டர் எங்கே? படிக்கட்டில்! வாரநாளில் தனித்தனியாகப் பாடம் எடுப்பவர், இன்று உள்ளே போவதில்லை என்று தனக்குத் தானே தடை போட்டிருக்கிறார். யாருக்கு யார் ஒத்துவரும் என்று பார்த்துச் சேர்த்துவிட்டார். மூன்றே கார்டில் முடிகிற பாட்டாக எடுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டில் "ஏழு மணிக்குள்ள முடிச்சிருவோம்க்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான் அவர் வேலை. உள்ளே தாளம் தடம் புரளும்போதெல்லாம் அவர் விரல் படிக்கட்டுக் கம்பியைத் தட்டுகிறது, வாய் திறக்கவில்லை. எனக்கே பொறுக்காமல் எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "அவங்களே கேட்டுக் கண்டுபிடிக்கட்டும் சார். நான் போனா மறுபடி கிளாஸ் ஆயிரும்."

இப்படிக் கூடி வாசித்துக் கற்பது இந்த மலையடிவாரத்துக்குப் புதுசா என்ன! கோக்கர்ஸ் வாக்கில் நின்றால், மேகம் விலகும் நேரம் கீழே பெரியகுளம் தெரியும். அதே தேனிச் சீமையின் பண்ணைப்புரத்தில்தான் பாவலர் வரதராஜன் தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரி நடத்தினார். இளையராஜா அதில் சேர்ந்தபோது வயது 14. சென்னை போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தது 1968-க்கு அப்புறம்தான். குழு முதலில், கிளாஸ் பின்னால்! ரஹ்மானும் இளவயதில் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் பேண்டில் இருந்தவர். 'ரூட்ஸ்' பேண்டில் அவருக்கு சிவமணியும் சுரேஷ் பீட்டர்ஸும் கூட்டாளிகள். அந்த சுரேஷ் பீட்டர்ஸ்தான் 1994-இல் 'பேட்டை ராப்' பாடினார். கூடப் பாடியவர்களில் ஒருவர் தேனி குஞ்சரம்மாள். எங்கே சுற்றினாலும் தேனிக்கே வந்துவிடுகிறேன், பாருங்கள்.

கோடைக்கானலில் மேற்கத்திய இசைக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கிய பள்ளி இன்று கோடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். சர்ச் தோறும் பாடகர் குழு உண்டு. விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு வாத்தியமும் அறையும் சேர்ந்து வாசிக்க ஆளும் ஒரே வளாகத்தில் கிடைத்துவிடும். ஊர்ப் பிள்ளைகள்தான் யார் வீட்டு மாடி காலி என்று அலைய வேண்டியிருக்கிறது. மே மாதக் கோடை விழாவில் பிரையண்ட் பூங்கா மேடை ஏறுவது இப்போதைக்கு இவர்கள் கனவு. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகலாம். பிளக் பாயிண்ட் இல்லாத தெருவில் கீபோர்டுக்கு பேட்டரி போட்டுக்கொண்டால் போதும்.

பேஸ் என்ன ஆயிற்று என்கிறீர்களா? யாரும் முன்வரவில்லை. கடைக்குட்டியின் தலையில் கட்டிவிட்டார்கள், இடது கையால் கீபோர்டின் கீழ்க்கோடியில் ஒற்றை ஒற்றை ஸ்வரமாக. உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் ஆரம்பித்தாள். பாதிப் பாட்டில் மூக்கைச் சொறியக் கையை எடுத்தாள் பாருங்கள், மொத்தப் பாட்டும் மடமடவென்று சரிந்தது! எல்லோரும் திரும்பி அவளை முறைத்தார்கள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. அடுத்த சுற்றில் வேண்டுமென்றே கையை எடுத்தாள். மறுபடியும் சரிந்தது!

"ஏய், சும்மா வாசி! இல்ல, நான் பேஸ் பார்த்துக்கிறேன், நீ மேல வா" என்று இறங்கி வந்தான் அவள் அண்ணன்.

"முடியாது, போடா!"