ஜீனோவா, விக்ரமா? திரையைத் தொட்ட சுஜாதா கதைகளில் முதலில் எதைப் படிக்கலாம்?

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து பெரியார் நிலையத்துக்கு பஸ் ஏறுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாதிப் பேர் காதில் ஹெட்போன், கையில் போன். அதில் ஓடுவது பெரும்பாலும் ரோபோ, வேற்றுக்கிரகம், டைம் டிராவல் என்று ஏதாவது ஒரு வெப் சீரிஸ்தான். "இந்த மாதிரி தமிழ்ல படிக்க ஏதாச்சும் இருக்கா?" என்று அவர்களில் யாராவது கேட்டால், பக்கத்து சீட் பெரியவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "சுஜாதா படி தம்பி!"

பதில் சரி. ஆனால், எந்த சுஜாதா? அங்கேதான் சிக்கல். நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களில், புதிதாக வருகிறவர் கையில் தப்பான ஒன்று சிக்கிவிட்டால் அடுத்ததை அவர் தொடவே மாட்டார். முதல் புத்தகம் ருசிக்காமல் போனதால் தமிழ் வாசிப்பையே விட்டவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

அதனால்தான் இந்தத் தேர்வு. சுஜாதாவின் அறிவியல் கற்பனைக் கதைகளில் ஏதோ ஒரு வகையில் திரையைத் தொட்டவற்றை மட்டும் எடுத்து, எதை முதலில் படிக்கலாம் என்று வரிசைப்படுத்தியிருக்கிறோம்.

அங்கே படம் முதலில், இங்கே கதை முதலில்!

வெளிநாடுகளில் இதற்குப் பெரிய பாரம்பரியமே உண்டு. பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடர் 1963 நவம்பரில் தொடங்கியது. வீட்டில் வீடியோ கேசட் இல்லாத காலம் அது. ஒளிபரப்பில் தவறவிட்டால் தவறவிட்டதுதான். போதாக்குறைக்கு, பழைய எபிசோடுகள் பலவற்றை பி.பி.சி.யே அழித்துவிட்டது. 1973 முதல் 'டார்கெட்' நிறுவனம் அந்தக் கதைகளைச் சின்னச் சின்ன நாவல்களாக வெளியிட்டது. டெரன்ஸ் டிக்ஸ் என்ற எழுத்தாளர் மட்டுமே 60-க்கும் மேல் எழுதினார். பார்க்க முடியாத எபிசோடுகளை அங்கே ஒரு தலைமுறை படித்துத்தான் தெரிந்துகொண்டது. அதில் எது பெஸ்ட் என்ற சண்டை ரசிகர்களிடம் இன்றும் ஓயவில்லை.

நம்ம ஊரில் கதை தலைகீழ். இங்கே முதலில் வந்தது வாரப் பத்திரிகைத் தொடர். வியாழக்கிழமை கடைக்கு வரும் இதழுக்கு வீட்டில் அடிதடி. அப்பா படித்து, அக்கா படித்து, கடைசியில் நம் கைக்கு வரும்போது அட்டை கிழிந்திருக்கும். தொடர் முடிந்ததும் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்ட் பண்ணி வைப்பார்கள். சினிமாவும் டி.வி.யும் அதன்பிறகுதான் அந்தக் கதைகளைத் தேடி வந்தன. தேடி வந்தவை எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை. வக்கீல் கணேஷ் வரும் 'ப்ரியா' நாவல் லண்டனில் நடக்கும். 1978-ல் ரஜினி நடித்த படம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது!

எப்படித் தேர்ந்தெடுத்தோம்?

மூன்றே கேள்விகள். படத்தையோ தொடரையோ பார்க்காதவருக்கும் கதை தனியாக நிற்கிறதா? கதையில் வரும் தொழில்நுட்பம் பழசான பிறகும் சுவாரஸ்யம் மிச்சம் இருக்கிறதா? பஸ்ஸில் அரை மணி நேரம் கிடைத்தால் போனை உள்ளே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கத் தோன்றுகிறதா? இனி கவுன்ட்டவுன்.

4. விக்ரம்

அறிவியல் கற்பனையும் உளவாளி சாகசமும் கலந்த இதுதான் தமிழில் அசல் 'படத்தோடு பிறந்த நாவல்'. கமல்ஹாசனின் 'விக்ரம்' 1986-ல் வெளியானது. படத்துக்காக சுஜாதா எழுதிய கதை, குமுதத்தில் தொடராகவும் வந்தது. வழக்கமாக ஓவியம் இருக்க வேண்டிய இடத்தில் கமலின் புகைப்படங்கள். அந்தக் காலத்தில் அது புதுசு.

'அக்னிபுத்ரன்' என்ற ராக்கெட்டை எதிரிகள் கடத்திவிடுகிறார்கள். மனைவியைப் பறிகொடுத்த உளவுத்துறை அதிகாரி விக்ரம், ப்ரீத்தி என்ற கம்ப்யூட்டர் நிபுணருடன் சலாமியா என்ற கற்பனை ராஜ்ஜியத்துக்குப் போகிறான். கம்ப்யூட்டர் என்ற வார்த்தையே பலருக்கும் புதிதாக இருந்த காலத்தில் அதையே கதைக்கு அச்சாணி ஆக்கியது பெரிய துணிச்சல்.

ஏன் நான்காவது இடம்? கதையின் பாதி பலம் கமலின் முகத்திலும் இளையராஜாவின் இசையிலும் இருக்கிறது. அன்று வாய் பிளக்க வைத்த கம்ப்யூட்டர் சமாசாரங்கள் இன்று புன்னகைதான் வரவழைக்கும். ஆனால் வேகம்? அதில் குறையே இல்லை. 2022-ல் லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' பார்த்துவிட்டு 'அந்த ஏஜென்ட்டோட பழைய கதை என்ன?' என்று தேடுகிறவர்களுக்கு இது சரியான தீனி.

3. கொலையுதிர் காலம்

கணேஷ் - வசந்த் ஜோடிக்கு அறிமுகம் தேவையில்லை. தெரியாதவர்களுக்காக: கணேஷ் நிதானமான வக்கீல், வசந்த் அவருடைய குறும்புக்கார ஜூனியர். ஓர் இளம்பெண், பெரிய சொத்து, தனியாக நிற்கும் பங்களா, இரவில் தெரியும் ஓர் உருவம். வசந்த் பேய் என்கிறான். கணேஷ் விஞ்ஞானம் என்கிறான். இந்த இழுபறிதான் நாவல்.

சுஜாதாவின் கெட்டிக்காரத்தனம், இரண்டு பக்கமும் சம பலத்தோடு வாதாடுவது. ஒளியை வைத்து இப்படியும் செய்ய முடியுமா என்று ஓர் அத்தியாயத்தில் வியப்போம். அடுத்த அத்தியாயத்திலேயே முதுகுத்தண்டு சில்லிடும். எந்தப் பக்கம் தீர்ப்பு என்பதை நாங்கள் சொல்லப்போவதில்லை.

திரையோடு இதற்கு என்ன உறவு? பெயர் மட்டும்தான். 2019-ல் நயன்தாரா நடித்து இதே பெயரில் வந்த படத்தின் கதை வேறு. படத்தைப் பார்த்துவிட்டு 'கதை தெரியும்' என்று நாவலை ஒதுக்கியிருந்தால் உடனே மனதை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே எச்சரிக்கை: இரவில், தனியாக, வேண்டாம்.

2. மீண்டும் ஜீனோ

முதல் பாகமான 'என் இனிய இயந்திரா'வைப் படிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டி நேராக அடுத்ததுக்குப் போய்விடலாம்.

முதல் பாகத்தில் சாதாரண குடும்பப் பெண்ணாக வந்த நிலா, இங்கே நாட்டுக்கே ராணி. ஆனால் பெயருக்குத்தான். கயிறு வேறு கைகளில் இருக்கிறது. அவளை நிஜமான ராணியாக்க நினைப்பது ஒரே ஒரு ஜீவன். 'ஜீவன்' என்று சொல்லலாமா என்பதே நாவலின் கேள்வி. ஏனென்றால் ஜீனோ ஓர் இயந்திர நாய்க்குட்டி.

எஜமானன் சொன்னதைச் செய்வதுதான் இயந்திரத்தின் வேலை என்றால், எஜமானன் தப்பு செய்யும்போது அது என்ன செய்ய வேண்டும்? இந்த யோசனையை சுஜாதா பாடமாக நடத்தவில்லை, கிண்டலும் குறும்புமாகவே கொண்டுபோகிறார். 2010-ல் வந்த 'எந்திர'னின் சிட்டியை ரசித்தவர்களுக்கு இந்த இடம் பழகிய இடமாகத் தெரியும். அந்தப் படத்துக்கும் சுஜாதா வசனம் எழுதினார். படம் வெளியாவதைப் பார்க்க அவர் இல்லை. 2008 பிப்ரவரி 27-ல் மறைந்துவிட்டார்.

இரண்டாம் இடம் ஏன்? தனியாக நிற்காது. முதல் பாகம் படித்தவருக்குத்தான் கடைசிப் பக்கங்களில் கண் கலங்கும்.

1. என் இனிய இயந்திரா

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனில் டி.வி. தொடராகவும் ஆன கதை. நடப்பது 2021-ஐ ஒட்டிய எதிர்கால இந்தியாவில். ஆமாம், அந்த வருஷம் வந்தே போய்விட்டது! தேதி தாண்டிய எதிர்காலக் கதையை இன்று எதற்குப் படிக்க வேண்டும்?

நாட்டை ஆள்வது ஜீவா என்ற ஒரே தலைவர். மக்களுக்குப் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ என எல்லாமே அந்த அளவுதான். ஆளுக்கொரு எண். குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் நிலாவின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். அவள் வீட்டுக்கு ரவி என்றொருவன் குடிவருகிறான். கூடவே அவனுடைய இயந்திர நாய், ஜீனோ. பேசும், படிக்கும், நக்கலடிக்கும்.

சாதனங்களைப் பற்றிய ஊகங்களில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பது ஒரு விளையாட்டு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கெடுத்தவர் சுஜாதா. அவருடைய ஊகங்களைச் சோதித்துப் பார்க்கும் ஆசை நியாயமானதுதான். ஆனால் இந்த நாவலை முதலிடத்தில் வைப்பது சாதனங்கள் அல்ல.

காரணம் ஒன்று, நிலா. கணவனைத் தேடி அரசு அலுவலகங்களுக்கு அலையும் பயந்த பெண், கேள்வி கேட்கிற பெண்ணாக மாறும் பயணம் எந்த வருஷத்துக்கும் பொருந்தும். காரணம் இரண்டு, திரையில் மட்டுமே தெரியும் ஒரு தலைவரை ஒரு நாடே நம்புகிறது என்ற கற்பனை. ஆளுக்கொரு திரை கையில் வைத்திருக்கும் நமக்கு அது அன்றைய வாசகரைவிட அதிகமாகவே உறைக்கும். காரணம் மூன்று, ஜீனோ. இன்று போனில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் ஏ.ஐ.யோடு தினமும் பேசுகிறோம். ஜீனோ நமக்கு இனி விசித்திரம் இல்லை. ஆனால் போனில் இருப்பது கேட்டதற்குப் பதில் சொல்கிறது. ஜீனோ நம்மைப் பதிலுக்குக் கேள்வி கேட்கிறது.

'விக்ர'மில் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டால் கதை நின்றுவிடும். இங்கே இயந்திரத்தை எடுத்துவிட்டாலும் மனிதர்கள் மிச்சம் இருப்பார்கள். நம்பர் ஒன் ஆவதற்கு அது போதாதா?

யாருக்கு எது?

பத்தாவது, ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு கண்ணை மூடிக்கொண்டு 'என் இனிய இயந்திரா'. முடித்த கையோடு 'மீண்டும் ஜீனோ'. த்ரில்லர் ரசிகர்களுக்கு 'கொலையுதிர் காலம்'. ஆண்டுக் கணக்கில் புத்தகமே தொடாதவர்கள் 'விக்ர'மில் ஆரம்பிக்கலாம். பக்கங்கள் தானாக ஓடும். நான்கையும் முடித்தவர்களுக்கு போனஸாக 'சொர்க்கத் தீவு'. ரகசியத் தீவுக்குக் கடத்தப்படும் ஒரு கம்ப்யூட்டர் எஞ்சினியரின் கதை.

எங்கே கிடைக்கும்?

நான்குமே புத்தகமாக வந்தவைதான். மதுரைப் பக்கம் இருப்பவர்கள் புதுநத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தேடலாம். தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது சுஜாதா அடுக்கைத் தாண்டிப் போவதுதான் கஷ்டம். புதுமண்டபத்தில் இருந்த புத்தகக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டதையும் மறந்துவிடாதீர்கள்.

அதற்கெல்லாம் முன்னால் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். அம்மாவோ தாத்தாவோ பைண்ட் பண்ணி வைத்த பழைய தொடர் அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம். நாவலாக வந்த புத்தகத்தில் இல்லாத ஓவியங்களும், நடுநடுவே அந்தக் கால சோப்பு விளம்பரமும்கூட அதில் கிடைக்கும். கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், ப்ளீஸ்!

சரி, இது எங்கள் வரிசை. 'கொலையுதிர் கால'த்தை மூன்றாவதாக வைத்ததற்கு கணேஷ் - வசந்த் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வாருங்கள். உங்கள் வீட்டில் நம்பர் ஒன் யார்... ஜீனோவா, விக்ரமா, வசந்தா?