உங்களுக்குத் தெரியுமா? பிளக் சொல்லும் சேதி

● இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒரு ஸ்பார்க் பிளக் நொடிக்கு 25 முறை பொறி விடுகிறது. பேட்டரியில் இருப்பது வெறும் 12 வோல்ட். இக்னிஷன் காயில் அதை 20,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றிக் கொடுப்பதால்தான், சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்டுகிறது.

● டீசல் காருக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதில் இருப்பது ஹீட்டர் பிளக். குளிரில் வண்டி கிளம்ப உதவுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

● மாருதி 800-க்கு 3 பிளக். 2003-இல் வந்த ஹோண்டா சிட்டிக்கு 8! அதிலும் நாலு சிலிண்டர்தான். சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்திருந்தார்கள். எனவே கடைக்குப் போகும் முன், வண்டியோடு வந்த கையேட்டில் எத்தனை பிளக், என்ன நம்பர் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

● பிளக் மாற்ற நல்ல நேரம் விடியற்காலை. இரவெல்லாம் நின்று இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக்கின் மரை இரும்பு. சூடாக இருக்கும்போது திருகினால் இளகிய அலுமினிய மரைதான் பிய்த்துக்கொண்டு வரும்.

● கழற்றும் முன் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியைச் சுற்றி சைக்கிள் பம்பால் நாலு அடி அடியுங்கள். பல மாதத் தூசியும் மணலும் அங்கே குந்தியிருக்கும். அதில் ஒரு துகள் சிலிண்டருக்குள் விழுந்தாலும் சுவரைக் கீறிவிடும்.

● பழைய வண்டிகளில் பிளக் வயர்களை மொத்தமாக உருவிவிட்டு, எது எங்கே என்று முழிப்பவர்கள் உண்டு. பெரும்பாலான நாலு சிலிண்டர் இன்ஜின்களில் பொறி விழும் வரிசை 1-3-4-2. இரண்டு வயர் இடம் மாறினாலே வண்டி உதறும், அல்லது கிளம்பாது. ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, வயரை மாட்டிவிட்டு, அடுத்ததற்குப் போங்கள்.

● கழற்றிய பிளக்கை உடனே குப்பையில் போடாதீர்கள். இன்ஜினுக்குள் நடப்பதை அப்படியே சொல்லும் ஒரே சாட்சி அதுதான். கழற்றிய வரிசையிலேயே ஒரு செய்தித்தாளில் அடுக்கி, வெளிச்சத்தில் முனையைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் இன்ஜின் நலம். காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. முனை எண்ணெயில் நனைந்து பளபளத்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். பீங்கான் வெளுத்துக் கொப்புளம் போட்டிருந்தால் அதீதச் சூடு. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.
என் காரில் ஒருமுறை மூன்று பிளக் காபி நிறம்; மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் முனை சுத்தமாக இருக்க, மேலே பீங்கான் வரைக்கும் எண்ணெய். உள்ளே பிரச்சினை என்றால் முனைதான் நனைய வேண்டும். மேலே நனைந்திருந்ததால் டாப்பெட் கவரின் பேக்கிங் கசிகிறது என்று புரிந்தது. பேக்கிங்கை மாற்றியதும் சரியாயிற்று. அன்று பிளக்கைப் பார்க்காமல் எறிந்திருந்தால் இன்ஜினையே பிரிக்கச் சொல்லியிருப்பார்கள்.

● புது பிளக்கை ஸ்பேனரால் தொடங்கக் கூடாது. விரலால்தான் தொடங்க வேண்டும். குழி ஆழமாக இருந்தால் பழைய பெட்ரோல் டியூபில் ஒரு சாண் வெட்டி, பிளக்கின் தலையில் செருகித் திருகுங்கள். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், மரை பிழைத்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் கைவசம் வைத்திருக்கும் இந்தத் துண்டு டியூப், விலை உயர்ந்த எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல.

● விரலுக்கு இறுகிய பிறகு எவ்வளவு முறுக்குவது? வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக் புதியதென்றால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குள். வாஷர் இல்லாமல் கூம்பாக உட்காரும் வகைக்கு ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்குதான். பிளக் பெட்டியிலேயே இதைப் படமாகப் போட்டிருப்பார்கள். மரையில் கிரீஸ் தடவுவது வேண்டாத வேலை. வழுக்கலில் கை தன்னையறியாமல் அதிகமாக இறுக்கிவிடும்.

● என்ஜிகே பிளக்கில் நம்பர் கூடினால் அது சூட்டைச் சீக்கிரம் கடத்தும் ‘கோல்டு’ பிளக். பாஷில் நேர் தலைகீழ்: நம்பர் கூடினால் ‘ஹாட்’. கம்பெனி மாற்றி வாங்கும்போது “அதே 6-ஆம் நம்பர் கொடுங்க” என்று கேட்டுவிடாதீர்கள்.

● இரிடியம் உருகச் சுமார் 2,450 டிகிரி செல்சியஸ் வேண்டும். நிக்கலுக்கு 1,455 போதும். அதனால்தான் இரிடியம் முனையை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாகச் செய்ய முடிகிறது. ஆயுளும் பல மடங்கு. ஆனால் அந்த முனை பூஞ்சை. கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்வது, உப்புத்தாள் போடுவது எல்லாம் பழைய நிக்கல் பிளக்கோடு போகட்டும். கீழே தவறி விழுந்த பிளக்கையும் மாட்டாதீர்கள். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் போதும், மிஸ்ஸிங் அடிக்கும்.

● 1899-இல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை வென்ற ஆல்பர்ட் சாம்பியன்தான் பின்னர் அமெரிக்கா போய் பிளக் தயாரித்தவர். ‘சாம்பியன்’ பெயர் பழைய கூட்டாளிகளிடம் தங்கிவிட, தன் பெயரின் முதலெழுத்துகளில் ‘ஏசி’ என்று வைத்தார். 1927-இல் லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த விமானத்தில் பொறி விட்டவை அந்த ஏசி பிளக்குகளே.

● ஒரு வேண்டுகோள். கழற்றும்போது பிளக் கால் சுற்று வந்து இறுகிக்கொண்டால், அதற்கு மேல் பலம் காட்டாதீர்கள். திரும்ப உள்ளே முறுக்கி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, நேரம் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். புது பிளக் சில நூறு ரூபாய். மரை போன சிலிண்டர் ஹெட்டுக்குச் செலவு ஆயிரக்கணக்கில்.