மழை வந்தால் படம் ஏன் ஓடிப் போகிறது?

மாலை நேரம். செம்பனைக் குலை வெட்டி வந்த அலுப்புத் தீரக் குளித்துவிட்டு, தேநீரும் கையுமாகத் தொலைக்காட்சி முன் உட்காருகிறீர்கள. நாடகத்தில் மாமியார் உண்மையைச் சொல்லப் போகும் நேரம் பார்த்து வானம் கறுத்துக் கொட்டுகிறது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றே போகிறது. "தட்டை எவனோ அசைத்துவிட்டான்" என்று வீட்டுக்காரர் ஏணியைத் தேடுகிறார். அன்பர்களே, ஏணியை வைத்துவிட்டு இதைக் கொஞ்சம் படியுங்கள்.

1996 ஜனவரியில் மீசாட்-1 துணைக்கோளம் ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ தட்டுகள் நம் கூரைகளில் ஏறின. இத்தகைய துணைக்கோளம் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு தூரத்தையும் கடந்துவரும் அலையை மடக்குவது கடைசி ஐந்து கிலோமீட்டர்தான். நம் பக்கத்து மழை விழத் தொடங்கும் உயரம் ஏறக்குறைய அவ்வளவு. அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளியோ சில மில்லிமீட்டர். துளிகள் அடர்ந்து விழும்போது அலையை உறிஞ்சிவிடும், சிதறவும் அடித்துவிடும்.

இதற்கும் ஒரு டாக்டர் பட்டமா என்று கேட்பீர்கள். ஆம்! ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், நிபோங் திபாலில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்திலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

தோட்டத்து ஆபீஸ் அருகே மழைமானியைப் பார்த்திருப்பீர்கள். காலையில் அதை அளந்து, நேற்று 50 மில்லிமீட்டர் என்று எழுதிவைப்பார்கள். ஆராய்ச்சி மாணவருக்கு அந்தக் கணக்குப் போதாது. நாள் முழுவதும் தூறி 50 சேர்ந்தால் படம் நிற்காது. அரை மணியில் 50 கொட்டினால் நின்றுவிடும். அதனால் அவர் நிமிடத்துக்கு நிமிடம் மழையை அளக்கிறார். துணைக்கோள அலையின் பலத்தையும் கூடவே பதிகிறார். ஒரு நாளல்ல, ஆண்டுக்கணக்காக. இடி விழுந்து கருவி கெட்டால், எந்தப் பெருமழைக்குக் காத்திருந்தாரோ அந்த நிமிடங்களே ஏட்டில் இருக்கா!

ஏன் இத்தனை பாடு? துணைக்கோளத் தொடர்பு நூற்றுக்கு 99.99 நேரம் வேலை செய்ய வேண்டுமென்றால், ஆண்டு முழுவதிலும் 53 நிமிடத்துக்குமேல் அறுந்துபோகக் கூடாது. நமக்கு மழை அந்த 53 நிமிடத்திலா அடங்கும்? அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பழைய மழை வரைபடம், நம் வட்டாரத்துக்கு அந்த நிமிடங்களில் மணிக்கு 145 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தைக் குறித்திருந்தது. குளிர்நாட்டுத் தூறலை வைத்துப் போட்ட கணக்கு இங்கே சரிப்பட்டு வராமல் போனதில் வியப்பென்ன?

நாடகம் போனால் போகட்டும். உட்புறத்து மருந்தகமோ, நடுக்கடல் கப்பலோ உதவி கேட்கும்போது தொடர்பு அறுந்தால்? அதற்காகத்தான் மழை வலுக்கும்போது அலையின் பலத்தைக் கூட்டும் வழிகளை ஆராய்கிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி இரண்டாவது நிலையம் வைப்பதும் உண்டு. பேய்மழை கொட்டும் இடம் பெரும்பாலும் குறுகியது. இங்கே கொட்டும்போது அங்கே வெறிச்சிட்டிருக்கும்.

வீட்டுத் தட்டுக்கு அந்த வசதியில்லை. மழை தணிந்ததும் படம் தானே வரும். ஈரக் கூரையில், அதுவும் மின்னல் வெட்டும் நேரத்தில் ஏறித் தட்டைத் திருப்பினால், மழை விட்ட பிறகும் படம் வராது.