வழிகாட்டிக் கோடு (திசையன் வரைகலை)

வழிகாட்டிக் கோடு என்பது திசையன் வரைகலை மென்பொருள்களில் உருப்படிகளை ஒழுங்காக அமைக்க உதவும், அச்சில் வராத கோடு ஆகும். அச்சகங்களில் இது கைடு அல்லது கைடுலைன் என்றே பெரிதும் அறியப்படுகிறது. திரையின் மேற்புறத்திலும் இடப்புறத்திலும் உள்ள அளவுகோல்களிலிருந்து சுட்டியால் இழுத்து இதனை உருவாக்கலாம். வரையப்படும் உருப்படி அருகில் வரும்போது இதனுடன் ஒட்டிக்கொள்ளும். புள்ளிக் கோலத்தில் புள்ளிகளும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்கின்றன. ஆனால் அவை கோலத்தின் பகுதியாகவே தங்கிவிடுகின்றன. கணினி வழிகாட்டி அவ்வாறு தங்குவதில்லை.

சில வேளைகளில் வழிகாட்டியையே திருத்தக்கூடிய கோடாக மாற்ற வேண்டியுள்ளது. திருமண அழைப்பிதழின் மடிப்பை வழிகாட்டியால் மட்டும் குறித்து அச்சுக்கு அனுப்பினால், தாளில் மடிப்பு எங்கே என்பது தெரியாது. வெட்டுக் கோடுகளுக்கும் இது பொருந்தும்.

மாற்றத்தின் இயல்பு

வழிகாட்டி படத்தின் பகுதியன்று, பணித்தளத்தின் பகுதி. இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பில் இதனைத் தெளிவாகக் காணலாம். அதில் வழிகாட்டிகள் படத்தின் உருப்படிகளோடு சேராமல், சோடிபோடி என்ற பெயர்வெளியில் தனிக் குறிப்புகளாக எழுதப்படுகின்றன. இங்க்ஸ்கேப் 2003ஆம் ஆண்டில் சோடிபோடி என்னும் மென்பொருளிலிருந்து கிளைத்ததால் அப்பெயர் இன்றும் கோப்புகளில் எஞ்சியுள்ளது. இணைய உலாவிகள் இக்குறிப்புகளைப் பொருட்படுத்துவதில்லை.

ஒவ்வொரு குறிப்பிலும் இன்றியமையாதவை இரண்டே: கோடு கடந்து செல்லும் ஒரு புள்ளி, கோட்டுக்குச் செங்குத்தான திசை. தொடக்கமும் முடிவும் இல்லை, தடிப்பும் இல்லை. ஆகவே வழிகாட்டியைக் கோடாக்குபவர் அது எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பவற்றைத் தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மென்பொருள்களில் செய்யும் முறை

அடோபி இல்லசுட்ரேட்டரில் இது எளிது. வழிகாட்டி பூட்டப்பட்டிருந்தால் பூட்டை நீக்கி, அதனைத் தெரிவு செய்து, கன்ட்ரோல், ஆல்ட், 5 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது சாதாரணக் கோடாகிவிடும். கோடு கண்ணுக்குத் தெரியாவிடின் அதற்கு நிறமும் தடிப்பும் அளிக்க வேண்டும். கன்ட்ரோல், 5 ஆகிய விசைகள் இதற்கு எதிரான வேலையைச் செய்கின்றன. தமிழ்நாட்டு அச்சகங்களில் பரவலாகப் பயன்படும் கோரல்டிராவில் வழிகாட்டிகளுக்கெனத் தனி அடுக்கு உண்டு; எந்த உருவத்தையும் அவ்வடுக்கிற்கு நகர்த்தினால் அது வழிகாட்டியாகிவிடும்.

இங்க்ஸ்கேப்பில் உருப்படியை வழிகாட்டியாக்க சிஃப்ட், ஜி விசைகள் உள்ளன. எதிர்த்திசையில் செல்வதற்கு, ஒட்டுதல் வசதியை இயக்கிவிட்டு வழிகாட்டியின் மேலேயே பேனாக் கருவியால் கோடு வரைவதே எளிய வழி. வழிகாட்டிகள் பல இருந்தால் கோப்பிலுள்ள எண்களை நிரல் கொண்டு படித்துக் கோடுகளாக எழுதலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. 1.0 பதிப்புக்கு முந்தைய இங்க்ஸ்கேப் வழிகாட்டியின் உயரத்தைப் பக்கத்தின் அடியிலிருந்து அளந்தது. எஸ்விஜி வடிவமோ மேலிருந்து அளக்கிறது. இதனைக் கவனிக்காமல் எழுதும் நிரல், கோடுகளைத் தலைகீழான உயரங்களில் இட்டுவிடும்.

பழைய ஓவியங்களைப் படியெடுத்தல்

பழைய ஓவியங்களைத் திசையன் படமாகப் பதிவு செய்யும்போது இம்மாற்றத்தில் கூடுதல் கவனம் தேவை. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டத்திலுள்ள திருமலை சமணக் கோயிலில், சமவசரணத்தைக் குறிக்கும் சக்கர வடிவ ஓவியம் உள்ளது. இத்தகைய ஓவியத்தைப் படியெடுக்க நேர்க்கோட்டு வழிகாட்டிகள் மட்டும் போதா. இங்க்ஸ்கேப்பின் வழிகாட்டிகள் நேர்க்கோடுகளே. இல்லசுட்ரேட்டரில் வட்டங்களையும் வழிகாட்டிகளாக்கலாம் என்பதால் ஒரே மையமுள்ள வட்டங்களை முதலில் இட்டுக்கொள்ள முடியும்.

பின்னர் அவற்றை மொத்தமாகக் கோடுகளாக்குவது தவறு. சில வட்டங்கள் ஓவியர் உண்மையில் வரைந்தவை. மற்றவை படியெடுப்பவர் தம் வசதிக்காக இட்டவை. இரண்டும் ஒரே கறுப்புக் கோடுகளாக வெளிவந்தால், சுவரில் இல்லாத கோடு இருந்ததாகப் பதிவாகிவிடும். சுவர்ப்பூச்சு உதிர்ந்த இடங்களில் இத்தவறைப் பிற்காலத்தில் சரிபார்க்கவும் இயலாது. எனவே சுவரில் காணப்படும் கோடுகளை ஓர் அடுக்கிலும், கணித்து நிரப்பியவற்றை வேறு நிறத்தில் மற்றோர் அடுக்கிலும் வைத்து, எஞ்சியவற்றை வழிகாட்டிகளாகவே விட்டுவிடுவது நல்லது.