எபனி கிட்டாரில் பழுப்புக் கோடு: எது இயல்பு, எது ஏமாற்று?

புதுக் கிட்டாரை உறையிலிருந்து எடுத்துப் பார்ப்பவரின் கண் ஃப்ரெட்போர்டில் நிற்கிறது. விரல்கள் ஓடும் அந்தக் கருப்புப் பலகையில், ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்கி ஒன்பதாம் ஃப்ரெட் வரை காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கோடு ஓடினால் மனம் சுருக்கென்கிறது. எபனி என்று சொல்லித்தானே விற்றார்கள், அது கன்னங்கரேலென்று அல்லவா இருக்க வேண்டும், டிஃபெக்ட் பீஸைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தக் கோடு குறையல்ல என்பதே என் வாதம். அது மரத்தின் பிறவி நிறம். கோடே இல்லாமல் ஒரே சீராகக் கறுத்திருக்கும் பலகையைப் பார்க்கும்போதுதான் வாங்குபவர் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். சட்டம் நமக்குத் தரும் உரிமை கருப்பு நிறத்துக்கானது அல்ல, உண்மைத் தகவலுக்கானது. இந்த வேறுபாடு தெரியாததால் நல்ல கருவி திரும்பிப் போகிறது, ஏமாற்று வேலை கண்ணில் படாமல் தப்பித்துக்கொள்கிறது.

குறை என்றால் என்ன என்பதை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நமக்குக் கற்றுக்கொடுத்தது தொழிற்சாலை. இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் பகுதியில் கார், மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் என எதைச் செய்தாலும் ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருப்பதுதான் தரத்தின் முதல் விதி. காரின் கதவு இரும்புத் தகடு, பம்பர் பிளாஸ்டிக். இரண்டின் மீதும் அடித்த பெயின்ட் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கருவி வைத்து அளக்கிறார்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்யும் இடத்தில் ‘லிமிட் சாம்பிள்’ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அதைத் தாண்டினால் ரிஜெக்ட், தாண்டாவிட்டால் ஓகே. பெயின்டுக்கு இது பொருத்தமான விதி, ஏனென்றால் அதன் நிறத்தைக் கலப்பவன் மனிதன். 2019 முதல் இதே வல்லம் வடகால் சிப்காட்டில் யமஹாவின் இசைக்கருவி ஆலை கீபோர்டோடு அக்கூஸ்டிக் கிட்டாரும் செய்து வருகிறது. கார் பம்பர் போகும் அதே சாலையில் கிட்டாரும் போகிறது. ஆனால் கிட்டார் மரத்தால் ஆனது. மரத்தில் நிறத்தைக் கலப்பவர் யாரும் இல்லை. பம்பருக்குப் பழகிய கண்ணோடு மரத்தைப் பார்த்தால் இயல்பும் குறையாகத்தான் தெரியும்.

எபனி என்பது ஒரே ஒரு மரத்தின் பெயர் அல்ல. டயோஸ்பைரோஸ் என்ற பேரினத்தில் அடங்கும் பல மரங்களுக்கு வணிகத்தில் அந்தப் பெயர் வழங்குகிறது. பீடி சுற்ற இலை தரும் மரமும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட காடுகளில் வளரும் டயோஸ்பைரோஸ் எபனம் நாம் கருங்காலி என்று சொல்லும் மரம். இன்று உலகச் சந்தையில் கிட்டாருக்குப் போவது பெரும்பாலும் கேமரூன், காபோன், காங்கோ காடுகளில் வளரும் டயோஸ்பைரோஸ் கிராசிஃப்ளோரா. எந்த வகையானாலும் வெளிக்கட்டை வெளிறித்தான் இருக்கும். உள்ளே வைரம் பாயும்போது மரத்தின் செல்களுக்குள் கரிய நிறப் பொருள்கள் படிகின்றன. அந்தப் படிவு எல்லா மரத்திலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. ஒரே மரத்திலும் அடிமரத்துக்கும் மேல்பகுதிக்கும் வேறுபடும், ஓரிடத்தில் அடர்ந்தும் பக்கத்தில் மெலிந்தும் இருக்கும். மெலிந்த இடம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ கோடு போட்டுத் தெரிகிறது. மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு: மரம் நிற்கும்போது வெளியிலிருந்து பார்த்து உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த ஒரு செய்தியில்தான் இந்தப் பிரச்சினையின் முழுக் கனமும் இருக்கிறது. 2011இல் அமெரிக்காவின் டெய்லர் கிட்டார் நிறுவனமும் ஸ்பெயினின் மாடின்டர் நிறுவனமும் சேர்ந்து, கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் கிரெலிகாம் என்ற எபனி அறுவை ஆலையை வாங்கின. டெய்லர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாப் டெய்லர் அங்கே மரம் வெட்டுவோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது அதிர்ச்சி தருவது. முழுக்கக் கறுத்த ஒரு மரம் கிடைப்பதற்குச் சுமார் பத்து மரங்கள் வெட்டப்பட்டன. உள்ளே கோடு இருந்த மற்ற மரங்களை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் அவை வெட்டிய இடத்திலேயே மக்க விடப்பட்டன. வளர்ந்து பருக்கப் பல பத்தாண்டுகள் எடுக்கும் மரங்கள் அவை. அந்த ஆலை அதன் பிறகு கோடு உள்ள மரத்தையும் வாங்கத் தொடங்கியது, டெய்லர் நிறுவனம் அதை விலையுயர்ந்த கிட்டார்களிலும் பொருத்தத் தொடங்கியது. 2016இல் காங்கோ படுகை ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து எபனிக் கன்று நடும் திட்டமும் தொடங்கியது. அந்தக் காடுகளில் எபனிப் பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் கொண்டுபோய்ச் சாணத்தோடு போடுவது யானை. தந்தத்துக்காக யானைகள் கொல்லப்பட்ட காடுகளில் எபனிக் கன்றுகள் வெகுவாகக் குறைந்திருப்பதை 2025இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. தானாக முளைப்பதே அருகி வரும் ஒரு மரத்தை நிறம் பிடிக்கவில்லை என்று வீசுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கருப்புக்கான இந்த ஆசை சட்ட மீறலிலும் கொண்டுபோய் விட்டிருக்கிறது. மடகாஸ்கர் எபனி வாங்கிய விவகாரத்தில் 2012இல் கிப்சன் கிட்டார் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 3 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே மடகாஸ்கரின் எபனி மரங்கள் அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஏறின. கருப்பு ஒன்றே உயர்வு என்ற எண்ணமும் என்றைக்கும் இருந்ததல்ல. இலங்கையில் பழுப்பும் கருப்பும் வரிவரியாகக் கலந்த கலமாண்டர் என்ற எபனி வகை காலனியக் காலத்தில் பெருவிலைக்குப் போனது. அதன் வரிகளுக்காகவே அதை வெட்டிக் குவித்து மேசை நாற்காலிகள் செய்தார்கள், இன்று அந்த மரம் அரிதாகிவிட்டது. ஒரு காலத்தில் கோட்டுக்காக விலை ஏறியது, இன்னொரு காலத்தில் கோட்டுக்காகவே மரம் கழிக்கப்பட்டது. மாறியது ரசனை மட்டும்தான், மரம் மாறவில்லை.

கோடு உள்ள இடத்தில் மரம் பலவீனமாக இருக்காதா, நாதம் குறையாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். எபனி ஃப்ரெட்போர்டுக்குத் தேர்வானதற்குக் காரணம் அதன் அடர்த்தியும் கடினமும். கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடை, இழைகள் மிக நெருக்கம், கம்பி அழுந்தி அழுந்தித் தேய்வது குறைவு. இவை மரத்தின் கட்டமைப்பிலிருந்து வருபவை. வைரப் பகுதிக்குள் ஓடும் பழுப்புக் கோடு அந்தக் கட்டமைப்பைக் கலைப்பதில்லை. நாதத்தைப் பொறுத்தவரை, 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களை, வெல்டிங் கண்ணாடி அணிவித்துக் கண்ணை மறைத்த 52 கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். விலையுயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் கொடுத்த ஒலித்தர மதிப்பீடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அது பின்பலகையைப் பற்றிய ஆய்வு, ஃப்ரெட்போர்டைப் பற்றியது அல்ல. ஆயினும் மர இனமே மாறியபோது காதுக்கு எட்டாத வேறுபாடு, ஒரே இனத்தின் நிறக்கோட்டில் எட்டும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

‘பணம் கொடுப்பவன் நான், எனக்குக் கருப்புதான் பிடிக்கும்’ என்பது இன்னொரு வாதம். பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கும் உண்டு. நேரில் போய், நாலு கிட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்து, கருப்பானதை வாங்கலாம். விருப்பம் வேறு, குறை என்று குற்றம் சாட்டுவது வேறு. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: இரண்டாந்தர மரத்தை இயற்கை அழகு என்று பேர் சூட்டித் தள்ளிவிடும் வியாபாரத் தந்திரம்தானே இது? அப்படிச் செய்யும் விற்பனையாளர் இருக்க முடியும் என்பதை மறுக்கவில்லை. மலிவாக வந்த மரத்துக்கு அரிய மரத்தின் விலை வைப்பது நேர்மையல்ல. ஆனால் அதற்கான மருந்து, மரத்தைப் பற்றிய முழுத் தகவலை விற்பவரிடமிருந்து கேட்டு வாங்குவது. கோட்டைக் குறை என்று அறிவித்துவிட்டால் நடக்கப்போவது வேறு: தயாரிப்பாளர் சாயத்தை எடுத்துப் பூசுவார், கோடு மறையும், தகவலும் அதோடு மறைந்துவிடும்.

சாயம் பூசுவது புதிதல்ல, அதுவே குற்றமும் அல்ல. இரும்பை வினிகரில் ஊறவைத்த நீரைப் பூசினால் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுக்கும் என்பது பழைய தச்சு வழக்கம். இப்போது ஆலைகளில் கருப்புச் சாயம் எளிதாகக் கிடைக்கிறது. எபனிக்குப் பதிலாக வேறு மரங்களும் நேர்மையாகவே பயன்படுகின்றன. நம் காடுகளிலும் வளரும் கருமருது, ‘இந்தியன் லாரல்’ என்ற பெயரில் பல நிறுவனங்களின் கிட்டார்களில் ஃப்ரெட்போர்டாகிறது. காகிதத்தையும் பிசினையும் அழுத்திச் செய்த ரிச்லைட் என்ற செயற்கைப் பலகையும் உண்டு, அது ஒரே சீரான கருப்பு. இவை எல்லாமே உழைக்கும் பொருள்கள்தான். வெளிறிய மரத்துக்குச் சாயமேற்றி ‘இயற்கை எபனி’ என்று எழுதி விற்பதுதான் மோசடி. கருங்காலி மாலை மோகம் பரவிய சில ஆண்டுகளில் சாயம் ஏற்றிய மணிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் எத்தனை பேச்சு அடிபட்டது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கிட்டாரில் நடப்பதும் அதே வகைதான், விலை மட்டும் பல மடங்கு. சாயமும் மெருகுமாக மரத்தைத் திரும்பத் திரும்ப இழைப்பதற்கும் ஒரு விலை உண்டு. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது, எபனித் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தரக்கூடியது. நாம் கேட்கும் சீரான கருப்புக்காக அந்தத் தூளைச் சுவாசிப்பவர் ஒரு தொழிலாளி.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சிலவற்றைப் பார்க்கலாம். வெள்ளைத் துணியில் ஃப்ரெட்போர்டு எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மெல்லத் துடைத்துப் பாருங்கள். எபனியிலும் லேசாக அழுக்கு ஒட்டும், ஆனால் மை போலக் கருப்பு இறங்கிக்கொண்டே இருந்தால் சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒலித்துளை பக்கம் பலகை முடியும் விளிம்பையும், ஃப்ரெட் கம்பி இறங்கும் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே கருப்பு, வெட்டுமுகத்தில் வெளுப்பு என்றால் கேள்வி கேட்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சோதிக்க வேண்டாம், வாரண்டியும் போகும், சாட்சியமும் கெடும். கோட்டைப் பார்த்துக் கலங்கும் நேரத்தில் உண்மையான குறைகளைத் தவறவிடுகிறோம் என்பதும் என் வருத்தம். எபனி உலர்ந்தால் சுருங்கும், விரிசல் விடும். கடலோர ஈரத்திலிருந்து ஏசி அறைக்குள் போன கிட்டாரில் பலகை சுருங்கி ஃப்ரெட் நுனிகள் வெளியே துருத்தி விரலைக் கீறும். மயிரிழை விரிசல், துருத்திய ஃப்ரெட், வளைந்த கழுத்து ஆகியவை வாரண்டிக்குள் கேட்க வேண்டியவை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்திலும் விற்பவர் வாக்களித்த தரத்திலும் வரும் குறைபாட்டைத்தான் குறை என்கிறது. கோடு இருக்காது என்று யாரும் வாக்களிக்காத நிலையில் கோடு குறையாகாது. ‘முழுக் கருப்பு எபனி’ என்று எழுதி விற்றிருந்தால் கோடு குறையாகும், ‘இயற்கை நிறம்’ என்று எழுதிச் சாயம் பூசியிருந்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. ஆன்லைனில் வாங்கியவருக்கு 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் துணை நிற்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று அவை விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன. முதலில் விற்பவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ இருப்பவர் தம் மாவட்டத்துக்கான ஆணையத்துக்குப் போனால் போதும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, காலக்கெடு 2 ஆண்டுகள். சோதிக்காமல் முடிவு செய்ய இயலாத பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மர இனத்தை அடையாளம் காட்டும் பணியைப் பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் செய்கிறது.

வழக்கு நிற்பது காகிதத்தில்தான். ஆகவே அடுத்த முறை கிட்டார் வாங்கும்போது ஃப்ரெட்போர்டு என்ன மரம், சாயம் ஏற்றியதா என்ற இரண்டையும் கேளுங்கள், விற்பவரின் பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஆன்லைன் என்றால் பொருள் விவரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் சொன்னபடி மரம் இருந்து, நடுவே ஒரு பழுப்புக் கோடும் இருந்தால், அந்தக் கிட்டாரைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.