ஒரு டீ கிளாஸ் தண்ணீர் போதும்

ஆடிப்பெருக்குக்கு இன்னும் இரண்டே நாள். வந்து குவிந்திருக்கும் வாசகர் கடிதங்களில் பாதி கேட்பது ஒன்றைத்தான்: 'ஆற்றில் முங்கியவரைத் தூக்கியாயிற்று, நன்றாகப் பேசுகிறார், பிறகு எதற்கு ஆஸ்பத்திரி?'

'பத்திரமாக மீட்கப்பட்டார்' என்று முடியும் அதிகாரிகளின் அறிவிப்பில், பத்திரம் என்றால் கரையில் இருக்கிறார் என்று மட்டும் பொருள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து அறிக்கை மூழ்கிச் செத்தவர்களை எண்ணுகிறது.  நீருக்குள் மூச்சு தடைபட்டாலே அது மூழ்கல்தான், சாவும் பிழைப்பும் அதன் முடிவுகள் என்று 2002இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வரையறுத்தார்கள்.

நுரையீரல் குடம்போல நிரம்பினால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். கிலோவுக்கு 1 முதல் 3 மில்லி உள்ளே போனாலே கோளாறு தொடங்கிவிடும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 180 மில்லி. டீக்கடை கிளாஸில் அரை முதல் ஒன்றரை.

இவ்வளவு கொஞ்சம் எப்படிக் கெடுக்கிறது? காற்று நுண்ணறைகளின் உட்சுவர் எப்போதும் ஈரம். நனைந்த பாலிதீன் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோல அவையும் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் காப்பது 'சர்பாக்டன்ட்' என்னும் கொழுப்புப் பூச்சு. குறைமாதக் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது இந்தப் பூச்சு போதாமல்தான். ஆற்று நீர் அதைச் செயலிழக்கச் செய்கிறது. கடல்நீர் கழுவிவிடுவதோடு, உப்பின் இழுப்பால் ரத்தத்திலிருந்தும் நீரை அறைகளுக்குள் வரவழைக்கிறது. அறைகள் சுருங்கி ஒட்டுகின்றன. ரத்தம் அவற்றைச் சுற்றி ஓடத்தான் செய்கிறது, ஆக்சிஜன் ஏறாமலே இதயத்துக்குத் திரும்புகிறது. காயம்பட்ட சுவரில் நீர் கசியக் கசிய, பேசிக்கொண்டிருந்தவருக்குச் சில மணி நேரத்தில் மூச்சு வாங்கும். எனவே இருமல் இருந்தாலே ஆஸ்பத்திரி. அங்கே ஆறு முதல் எட்டு மணி நேரக் கண்காணிப்பு.

மற்ற கேள்விகள்:

தலைகீழாகத் தூக்கிச் சுற்றலாமா? கூடாது, வயிற்றில் இருப்பது வாந்தியாகி மூச்சுக்குழாய்க்குள் போகும்.

மூச்சில்லை என்றால்? வாயோடு வாய் வைத்து ஊதுவது முதலில், நெஞ்சை அழுத்துவது அடுத்து, கூடவே 108.

வாயில் நுரை? துடைத்துக்கொண்டிருக்காமல் ஊதுங்கள்.

உப்புநீரா நன்னீரா, எது மோசம்? சிகிச்சை இரண்டுக்கும் ஒன்றே.

எட்டு மணி நேரம் இருமல், திணறல் எதுவும் இல்லாமல் கழிந்தால்? வீட்டுக்குப் போகலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ஒரு வாரம் கழித்து உலர் மூழ்கல்' மருத்துவத்தில் கிடையாது.