பழைய லென்சும் புதிய காமிராவும்

கொல்கத்தா நகரின் தென்பகுதியிலுள்ள ஜாதவ்பூரில், மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் 1950-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பெற்றது. அதுகாறும் அயல்நாடுகளிலிருந்தே தருவிக்கப்பட்டு வந்த ஒளியியல் கண்ணாடியை நம் நாட்டிலேயே உருக்கி எடுக்கும் முறையை இந்நிலையத்தார் வகுத்தனர். லென்சுக்குரிய கண்ணாடியில் குமிழியோ இழைக்கோடோ இருத்தலாகாது. அதன் ஒளிவிலகல் எண் எங்கணும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

எனினும், மாசற்ற கண்ணாடியாலான லென்சிலும் ஒரு குறை உண்டு. கோளப் பரப்பின் ஓரத்தில் விழும் கதிர்கள், நடுவில் விழும் கதிர்களைவிட லென்சுக்கு அருகிலேயே குவிகின்றன. இதனைக் கோளப் பிறழ்ச்சி என்பர். லென்சின் துவாரம் அகன்றிருக்குந்தோறும் இக்குறை மிகும். 1930-களில் பெர்ட்டெலே என்னும் ஜெர்மானியர் வகுத்த 'சொன்னார்' எஃப் 1.5 லென்சு மங்கிய ஒளியிலும் படம் பிடிக்க உதவிற்று. ஆயின் இப்பிறழ்ச்சி அதில் முற்றும் நீங்கவில்லை.

இத்தகைய பழைய லென்சுகளை இன்று டிஜிட்டல் காமிராவில் பொருத்துவோர் பலர். துவாரத்தை முழுதும் திறந்து, முகத்திலுள்ள கண்ணைத் தெளிவாக்கிப் பின்னர் எஃப் 2.8-க்குச் சுருக்கிப் படம் எடுக்கின்றனர். படத்திலோ கண் மங்கிக் காதே தெளிவாக இருக்கிறது! காரணம் யாது? துவாரம் சுருங்கியதும் ஓரக்கதிர்கள் தடுக்கப்படுகின்றன. குவியம் இடம் பெயர்கின்றது. பிலிமில் எடுத்த சிறு படத்தில் மறைந்திருந்த இக்குறை, பன்மடங்கு பெருக்கிப் பார்க்கும் டிஜிட்டல் படத்தில் வெளிப்பட்டு விடுகின்றது.

இதனைச் சோதித்தறிதல் எளிது. காமிராவை முக்காலியில் நிறுத்தி, அதன் எதிரே ஓர் அளவுகோலைச் சாய்வாக வைக்க வேண்டும். துவாரத்தை முழுதும் திறந்து, நடுக்கோட்டைத் திரையில் பெருக்கிப் பார்த்துக் குவியப்படுத்துக. பின்பு வளையத்தைத் தொடாமல் எஃப் 2, 2.8, 4, 5.6 என ஒவ்வொன்றாகச் சுருக்கிப் படம் எடுக்கவேண்டும். தெளிவான பகுதி படிப்படியாகப் பின்னோக்கி நகருமாயின், அதுவே குவியப் பெயர்ச்சியாகும். துவாரம் மேலும் சுருங்கும்போது தெளிவின் ஆழம் பெருகி, இதனை மறைத்துவிடும்.

ஆதலின், எந்தத் துவாரத்தில் படம் எடுக்கக் கருதுகிறோமோ, அந்தத் துவாரத்திலேயே குவியப்படுத்துதல் நலம். லென்சு பழுதுற்றதென்று ஒதுக்குவதற்கு முன் இச்சோதனையைச் செய்து பார்த்தல் வேண்டும். பழுது லென்சில் இன்றி, நாம் அதனைக் கையாளும் முறையில் இருத்தலும் கூடுமன்றோ?